இரண்டாம் பாதியில் நின்றவள்

சுவரில் மாட்டிய மின்கடிகாரம் பத்து என்று காட்டிவிட்டுக் கீழ்நோக்கி எண்ணத் தொடங்கிவிட்டது. ஆக இந்த இடைவேளைக்குள், அதாவது இன்னும் ஒன்பது நிமிடம் ஐம்பத்தைந்து விநாடிகளுக்குள், பேச்சிக்கனியை மறுபடியும் கோலில் நிறுத்துவதா கூடாதா என்று நான் முடிவு செய்தாக வேண்டும். எனக்காக அதை வேறு யாரும் முடிவு செய்யப்போவதில்லை. பிற்பகல் மூன்றரை மணி. தகரக் கூரையின் கீழ் மின்விசிறிகள் சுற்றுகின்றன, காற்றுதான் இறங்கி வரவில்லை. உப்பளங்களின் வெளிச்சம் உயரத்துச் சன்னல்கள் வழியாக வெள்ளை வெளேரென்று விழுந்து, பாதி ஆடுகளத்தை அழித்துவிட்டது போலிருக்கிறது. கல்லூரி மகளிர் ஹேண்ட்பால் இறுதி ஆட்டம். பதினொன்றுக்குப் பன்னிரண்டு, ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம். முப்பது நிமிடம் மிச்சமிருக்கும்போது அதைப் பற்றிக் கவலைப்படுபவள் பயிற்சியாளராக இருக்கத் தகுதியற்றவள். என் கவலை அந்த ஏழு மீட்டர் எறிதலைப் பற்றியது. இருபத்தேழாவது நிமிடத்தில் எதிரணியின் நெட்டைப் பெண் ஏழு மீட்டர் கோட்டில் வந்து நின்றாள்; நடுவில் தடுப்பவர் எவருமின்றி எறிபவளும் கோல்கீப்பரும் மட்டும் எதிரெதிரே நிற்கும் எறிதல் அது. பந்து பேச்சிக்கனியின் நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே பட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பூட்டிய வீட்டுக்குள்ளே யாரோ ஓர் அறைக்கதவைச் சாத்துவது போல் கேட்கும். அசையாமல் நிற்கும் கோல்கீப்பரின் தலையில் அந்தக் கோட்டிலிருந்து அடித்தால், அடித்தவளுக்குச் சிவப்பு அட்டை. கோல்கீப்பர் தானே தலையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோனால் அடித்தவள்மேல் குற்றமில்லை. நடுவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரித்தார்கள், குற்றமில்லை. அவர்கள் கண்டது சரிதான், அவள் தலையைக் கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பாதே, பந்து வரும் பக்கம் முகம் போகட்டும், முகம் போன இடத்துக்குக் கை தானாக வந்து சேரும் என்று நான்கு ஆண்டுகளாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நான்கு மீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு அவளுடைய இரண்டு காதுகளையும் ஒட்டி டென்னிஸ் பந்துகளை எறிவேன். கண் இமைத்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். இருநூற்றுப் பன்னிரண்டு பந்துகளை இமைக்காமல் பார்த்த பெண் அவள். எண்ணி முடித்த அன்று, "கோச்சம்மா, தாலி கட்டும்போதும் நான் இமைக்கப் போறதில்ல, மாப்பிள்ள பயந்து மேடையவிட்டு ஓடிருவான், அந்தப் பாவம் ஒங்களத்தான் சேரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

டாக்டர் தௌலத் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, ஐந்து வார்த்தைகளைச் சொல்லத் தொடங்குகிறார். கத்தரிக்கோல், மெழுகு, தபால், குதிரை, சாம்பல். விநாடிக்கு ஒரு வார்த்தை, ஏற்ற இறக்கமில்லாமல். டாக்டர் காயல்பட்டினத்துப் பெண், வயது முப்பதுக்கு மேல் இராது, என்னைவிடக் கண்டிப்பானவர். அதனாலேயே இந்த ஆட்டங்களுக்கு அவர்தான் வர வேண்டுமென்று கல்லூரியில் சண்டையிட்டு வாங்கினேன். இந்தப் பரிசோதனையை இங்கே கொண்டுவந்தவளும் நான்தான். அமெரிக்காவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்துவிட்டு இந்த ஊருக்குத் திரும்பியபோது என் பெட்டியில் கொண்டுவந்த ஒரே உருப்படியான பொருள் இது என்று கல்லூரி முதல்வரிடமே சொல்லியிருக்கிறேன். பருவம் தொடங்குமுன், ஜூன் மாதத்தில், தலையில் எந்த அடியும் இல்லாத நாளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சீட்டு எழுதப்படும்: ஐந்து வார்த்தைகளில் எத்தனை நினைவிருந்தன, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல எத்தனை விநாடி ஆயிற்று, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றபோது எத்தனை முறை தள்ளாடினாள். தலையில் அடிபட்டால் அதே கேள்விகள் மறுபடியும். ஜூன் மாத எண்ணைவிடக் குறைந்தால் அவள் அன்று ஆடக்கூடாது. எளிமையான, நேர்மையான ஏற்பாடு. அதில் உள்ள ஒரே ஓட்டையையும் நானே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அதுவும் வேடிக்கைக் கதையாக. மே மாதத்தில் மதுரையிலிருந்து திரும்பும் பேருந்தில், சாத்தூர் தாண்டியபோது, தூங்கி விழுந்துகொண்டிருந்த பெண்களை எழுப்பி வைப்பதற்காகச் சொன்ன கதை. அமெரிக்காவில் என் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, ஜூன் மாதத்திலேயே வேண்டுமென்று மறந்துபோவார்கள், ஐந்து வார்த்தை தெரிந்தாலும் மூன்றுதான் சொல்வார்கள், நன்றாக நிற்கத் தெரிந்தாலும் தள்ளாடுவார்கள், பிறகு உண்மையாகவே அடிபட்டு மூன்று வார்த்தைதான் நினைவில் நிற்கும்போது சீட்டைப் பார்த்தால் மாற்றமில்லை என்றிருக்கும், மறுபடியும் களத்துக்குப் போய்விடுவார்கள். எத்தனை கெட்டிக்காரத்தனமான முட்டாள்தனம் பாருங்கள் என்று முடித்தேன். கெட்டிக்காரத்தனம் என்ற சொல்தான் அவர்கள் காதில் நின்றிருக்கிறது. ஜூன் பதினெட்டாம் தேதி பேச்சிக்கனி ஐந்துக்கு மூன்று சொன்னாள். சொல்லிவிட்டு, டாக்டரின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து ஓர் இமையை மட்டும் தாழ்த்தினாள். இமைக்காத பெண். நான் பார்த்தேன், பார்க்காதவள் போல் அடுத்தவளின் பெயரைக் கூப்பிட்டேன்.

இப்போதும் மூன்று. மெழுகு, தபால், குதிரை. அதற்குமேல் வரவில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறாள். டாக்டர் சீட்டைப் பார்த்து, "ஜூன்லயும் மூணுதான்" என்கிறார், பேனாவை எடுக்காமல். சந்தேகப்படுகிறாரா? என்னைப் பார்க்கிறாரா? இந்தப் பெண்ணுக்கு நினைவு எப்படிப்பட்டது என்று டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான்கு கல்லூரி அணிகளில் எந்த எண் சட்டைக்காரி எந்தக் காலை ஊன்றினால் பந்து எந்த மூலைக்கு வரும் என்பதைத் தாளில் குறிக்காமலே சொல்லுவாள். போன ஆண்டு திண்டுக்கல்லில் யார் எந்த நிமிடத்தில் அடித்தார்கள் என்பதையும் சேர்த்து. அவளுக்கு ஐந்தில் மூன்று என்பது நடக்காத காரியம். ஆகவே இன்றைய மூன்று, இழப்பு. அப்படித்தானே? ஆனால் இப்படியும் இருக்கலாம்: ஐந்தும் நினைவிருந்து, ஜூன் மாதச் சீட்டோடு பொருந்த வேண்டும் என்று இன்றைக்கும் மூன்றை மட்டும் பொறுக்கிச் சொல்லியிருக்கலாம். அப்படிக் கணக்காகப் பொய் சொல்லத் தெரிந்த தலை, தெளிவான தலை. பொய் சொல்லியிருந்தால் ஆடலாம், உண்மை சொல்லியிருந்தால் ஆடக்கூடாது. கணிதத்தில் முதுகலை படிக்கத்தான் அமெரிக்காவுக்குப் போனேன். இரண்டு எதிரெதிர் காரணங்களிலிருந்து ஒரே எண் வரும்போது அந்த எண்ணைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று முதல் ஆண்டு மாணவிக்கும் தெரியும். டாக்டரிடம் போய் ஜூன் மாதச் சீட்டு பொய் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், முடிந்துவிடும். முடிந்துவிடும் என்றால், நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்கள் தங்கள் குறிப்பேட்டை மூடிவிடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள், கோல்கீப்பர் ஒருத்திதான் வேண்டும், அவளை இன்றைய ஆட்டத்தில் பார்த்துத் தேர்ந்துகொண்டு போவார்கள், அடுத்த தேர்வு எப்போதென்று அவர்களுக்கே தெரியாது. பேச்சிக்கனிக்கு இது கடைசி ஆண்டு. அவளுடைய தகப்பனார் உப்பளத்தில் நின்று நின்று பாதம் வெடித்துப் போனவர். அவள் அதைக் கண்ணீரோடு சொல்ல மாட்டாள், "எங்கப்பா காலப் பாத்தா ஒங்க அமெரிக்கா மேப்பு மாதிரி கோடு கோடா இருக்கும் கோச்சம்மா, எறக்கி ஒக்கார வைக்கணும்" என்பாள். ஒரு வாக்கியம் சொன்னால் அவர் மறுபடியும் உப்பில் நிற்பார். சொல்லாவிட்டால்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த அரங்கத்தில் நான் ஒருத்திதான் அறிவேன், அல்லது அறியாதிருக்கிறேன், எது சரியான வினைச்சொல் என்று முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தீர்மானிக்க முடியவில்லை. எனக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைச் சிறு வயதிலிருந்து ஆடியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கூடைப்பந்தில் உயரம் பற்றாதவர்கள், ஈட்டி எறிதலில் தோள் போனவர்கள் என்று மற்ற ஆட்டங்கள் உதிர்த்தவர்களைச் சேர்த்துத்தான் அணி கட்டுவார்கள். தூத்துக்குடி கன்னியர் பள்ளியில் எறிபந்து ஆடிய ஜெசிந்தா மோத்தா, அதாவது நான், அப்படித்தான் உள்ளே போனேன். உனக்குப் பந்துக்குப் பயமுண்டா என்று டெப்ரா என்ற பயிற்சியாளர் கேட்டார், இல்லையென்றேன், கோலில் நிறுத்தினார், குடியுரிமை வந்ததும் நாட்டுக்காக நிறுத்தினார். அந்தத் தகுதிச்சுற்றில் ஓர் ஐரோப்பிய அணிக்கு எதிராக முதல் பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பந்து என் வலது நெற்றிப்பொட்டில் பட்டது. அது நினைவிருக்கிறது. பிடி நழுவாமலிருக்கப் பந்தில் பூசியிருந்த பிசின் மயிரில் ஒட்டி இழுத்ததுகூட நினைவிருக்கிறது. இடைவேளையில் டெப்ரா என் முன்னால் விரல்களைக் காட்டினார். அந்தக் காலத்தில் எல்லோரும் இரண்டு விரல்தான் காட்டுவார்கள்; அது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரியும்; பார்க்காமலே இரண்டு என்றேன். போ என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, குளியலறையில் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருக்கிறேன், வெளியே பெண்கள் என் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் முப்பது நிமிடம் இல்லை. அந்த முப்பது நிமிடத்தில் இருபத்தொரு பந்துகள் தடுக்கப்பட்டிருந்தன. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், ஏழு வருடம் கழித்துப் பயிற்சியாளர் வேலை கொடுத்தவர்கள் அந்த ஆட்டத்தைச் சொல்லித்தான் கொடுத்தார்கள், இங்கே முதல்வர் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படமும் அந்த இரண்டாம் பாதியில் எடுத்ததுதான். வீடியோ நாடாவை மூன்று முறை பார்த்தேன். நான்காவது முறை பார்க்கவில்லை. அதில் நிற்பவள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் உயரத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் இடது குதிகாலால் கோல் கம்பத்தை இரண்டு முறை தட்டுகிறாள். அந்தப் பழக்கம் எனக்கு அதற்கு முன்பும் கிடையாது, பின்பும் கிடையாது. அவசரமே இல்லை அவளிடம். பந்து எங்கே வருமென்று பார்த்துப் போகிறவளாகத் தெரியவில்லை, அங்கே போய் நின்றுகொண்டு பந்துக்காகக் காத்திருக்கிறாள். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் ஆட்டம் நின்றிருக்கும்போது திரும்பிக் காமிராவைப் பார்க்கிறாள். பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டில் யாரோ இருக்கிறார்களா என்று சன்னல் வழியாகப் பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நான் ஆட்டத்தின் நடுவில் சிரித்தவளல்ல. நாடாவை நிறுத்திய பிறகும் அறையில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது, நான்தான் விட்டிருப்பேன், என் மூச்சு அத்தனை நிதானமானதல்ல.

இன்று அடிபட்ட பிறகு முதல் பாதி முடிய மூன்று நிமிடம் இருந்தது. கோல்கீப்பரை எந்த நேரமும், யாரையும் கேட்காமல், வெளியே கூப்பிட்டுக்கொள்ளலாம். நான் கூப்பிடவில்லை. அவள் எழுந்து கையைக் காட்டினாள், ஆட்டம் ஓடியது, அந்த மூன்று நிமிடத்தில் நான்கு பந்துகள் வந்தன, நான்கையும் தடுத்தாள். கூட்டம் கத்தியது. நான்காவது வரிசையில் ஒருவர் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பேச்சிக்கனி இடது குதிகாலால் கம்பத்தை இரண்டு முறை தட்டினாள். நாடாவில் கண்ட அந்தத் தட்டலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. நாடா வட அமெரிக்காவில் ஒரு சேமிப்பறையில் கிடக்கிறது. தற்செயல் என்று சொல்லலாம். கால் மரத்துப்போனால் எவளும் தட்டுவாள். தற்செயல் என்று சொல்லிக்கொண்டே எழுந்து அவள் முன்னால் போய்க் குனிகிறேன், என் முழங்கால்கள் இரண்டும் முனகுகின்றன, கடிகாரத்தில் ஏழு நிமிடம் பத்து விநாடி.

"பேச்சி."

"சொல்லுங்க மேடம்."

நான்கு ஆண்டுகளில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத சொல். "தல வலிக்குதா?"

"இல்ல மேடம். நல்லாருக்கேன் மேடம்."

"பதினொன்னாம் நம்பர்க்காரி எங்க அடிப்பா, சொல்லு."

"எங்க அடிச்சாலும் புடிச்சிருவேன் மேடம்."

இதைவிட ஒரு தப்பான பதில் இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த பேச்சிக்கனி, பதினொன்றாம் எண்ணின் நடை, ஊன்றுகால், அவளுடைய அக்கா கல்யாணம் வரைக்கும் சொல்லியிருப்பாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஜூன்ல டாக்டர்கிட்ட வேணும்னே தப்பாச் சொன்னியா?" என்று கேட்கிறேன்.

உதட்டின் ஓரம் கொஞ்சம் மேலே போகிறது. "நீங்கதான சொல்லிக் குடுத்திய."

இது அவள் குரல். இது பேருந்தில் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு என் கதையைக் கேட்டவளின் குரல். உள்ளே இருக்கிறாள் என்று ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. "இன்னைக்கு?" என்கிறேன் அவசரமாக, "இன்னைக்கும் வேணும்னேதான் சொன்னியா?"

"இன்னைக்கு என்ன மேடம்?" என்கிறாள், மறுபடியும் மரியாதையாக, என் தோளுக்குப் பின்னால் காலியாக நிற்கும் கோலைப் பார்த்தபடி. ஆளில்லாத இடத்தைப் பார்க்கும் பார்வையாக அது இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் திரும்பிப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வலை லேசாக ஆடியிருக்கலாம், மின்விசிறியின் காற்று அங்கே மட்டும் இறங்கியிருக்கலாம்.

நேர்மையாக யோசிக்க வேண்டும். என்னை அன்று யாராவது நிறுத்தியிருந்தால், நான் ஒரு சிறு நகரத்துக் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றிருப்பேன். அந்த முப்பது நிமிடத்தைத் தவிர என் வாழ்க்கையில் வேறென்ன இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை. அவள் நின்றாள், நான் உண்டேன். அதே கொடுப்பினை இந்தப் பெண்ணுக்கும் கிடைக்கட்டுமே என்று ஒரு மனம் சொல்கிறது. அவளை இறக்கிவிடு, வந்தவள் எல்லாப் பந்தையும் பிடிப்பாள், நான்காவது வரிசைக்காரர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு போவார்கள், தகப்பனார் உப்பிலிருந்து இறங்குவார். கத்தரிக்கோல், மெழுகு, தபால். அதற்குப் பிறகு இவளும் தன் படத்தைப் பார்த்து அது யாரென்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். விருந்துகளில் மற்றவர்கள் அந்த நாளைச் சொல்லச் சொல்லக் கேட்டு, கேட்டதை நினைவென்று வைத்துக்கொள்வாள். வாடகைக்கு இருப்பவள்போல் தன் உடம்பில் சத்தம் போடாமல் இருக்கப் பழகுவாள், சொந்தக்காரி எப்போது வருவாளோ என்று. இன்னோர் அடி பட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆறாத மண்டையில் இரண்டாவது அடி. அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்தில், என் அணிப் பெண் ஒருத்தி தலையில் பந்து படாமலே விழுந்தாள், தோளில்தான் பட்டது, எழுந்திருக்கவில்லை. அவளுடைய தாயார் என்னிடம் அவள் இடைவேளையில் என்ன பேசினாள் என்று மட்டும் கேட்டார், நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாள் என்றேன், அது உண்மை. மெழுகு, தபால், குதிரை. முன்னால் ஒன்று இருந்ததே. சாம்பல், அது கடைசி. முதல் வார்த்தை கூரான ஒரு பொருள், வீட்டில் இருப்பது, சற்றுமுன்கூட இருந்தது. நான் ஏன் தேட வேண்டும், பரிசோதனை எனக்கில்லையே.

கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருபது விநாடி. ஆறையும் ஐந்தையும் நான் பார்க்கவில்லை. யோசனையில் இருந்தால் நேரம் தெரியாது, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது, பாதி குடித்தது. நாக்கு ஈரமாக இருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். இருக்கையின் அந்த முனையில் தங்கபுஷ்பம் முழங்கை உறைகளை மாட்டிக்கொண்டிருக்கிறாள், எங்கள் இரண்டாம் கோல்கீப்பர், பத்தொன்பது வயது, மூக்கை உறிஞ்சுகிறாள். பயந்தவள், ஒவ்வோர் ஆட்டத்திலும் தேவையில்லாமல் உறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் உதவியாளர் கிளாடிஸ் அவளுக்கு முன்னால் நின்று, "அழுதா கண்ணு தெரியாதுட்டி, கண்ணு தெரியலன்னா பந்து பல்லுல படும், ஒனக்கு ஏற்கனவே பல்லு ரெண்டுதான் நேரா இருக்கு" என்று அதட்டுகிறாள். அவள் பெண்களிடம் பேசும் விதம் எனக்குப் பிடிக்காது. ஆனால் பெண்களுக்குப் பிடிக்கிறது. நான் எழுந்து ஆட்டத் திட்டத்தைச் சொல்லப் போகிறேன். கிளாடிஸ் வழியில் வந்து நின்று, "நீங்க உக்காருங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாள், என் முழங்கையைப் பிடித்து. முழங்கையைப் பிடிக்கிறாள், நோயாளியைப் பிடிப்பதைப் போல. பத்து வருடம் முன்னால் இதே கிளாடிஸுக்கு இந்த ஆட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. கடிந்துகொள்ள வாயெடுக்கிறேன், அவள் கண்களில் ஏதோ ஈரமிருக்கிறது, சரி, தோற்றுக்கொண்டிருக்கிறோம், இளம் வயது. உட்காருகிறேன்.

பேச்சிக்கனி மேற்சட்டையைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை ஏற்றிவிட்டிருக்கிறாள். இந்த வெக்கையில். குளிர்கிறதா? அடிபட்டால் குளிரும். முகத்தை என்னிடமிருந்து முழுக்கத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். பின்னங்கழுத்து மட்டும் தெரிகிறது, அது யாருடைய கழுத்தாகவும் இருக்கலாம். பேச்சி என்று கூப்பிடுகிறேன். அசையவில்லை. இப்போது மேடம் என்ற சொல்கூட இல்லை. போய்விட்டாளா, முழுக்கவே? இத்தனை சீக்கிரமாகவா? அவள் இருக்கும்போதே, நீங்கதான சொல்லிக் குடுத்திய என்று வாசலுக்கு வந்து ஒரு முறை எட்டிப் பார்த்தபோதே கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்க வேண்டாமா? நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எதிரணிப் பெண்கள் களத்துக்கு வந்து பந்தைத் தட்டத் தொடங்குகிறார்கள், ஒவ்வொரு தட்டலும் கூரையில் போய் முட்டித் திரும்புகிறது, இரட்டை இரட்டையாகக் கேட்கிறது, குதிகாலால் கம்பத்தைத் தட்டுவது போல. நாற்காலியின் காலைப் பார்க்கிறேன். என் இடது குதிகால் அதில் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்து மற்றக் காலோடு சேர்த்து வைக்கிறேன், கன்னியர் பள்ளியில் வைக்கச் சொன்னதைப் போல. இரண்டு பக்கமும் எடை போட்டாகிவிட்டது, இனிப் போடுவதற்கு ஒன்றுமில்லை. அவளுக்கு வேலை போகும். தகப்பனார் உப்பில் நிற்பார். என்னை அவள் மன்னிக்கமாட்டாள், மன்னிக்க வேண்டியதுமில்லை. ஆனால் இந்த மாலையும் நாளையும் இனி வருவதும் அவளுடையதாக இருக்கும், அவளே இருந்து கழிப்பாள், வெறுப்பதானாலும் அவளே என்னை வெறுப்பாள். சொல்லிவிடுகிறேன். ஒரு வாக்கியம். எழுந்திருக்கிறேன். ஒரு நிமிடம் இருபது விநாடி.

டாக்டர் தௌலத் மேசையோரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். "டாக்டர், நான் ஒண்ணு சொல்லணும்" என்கிறேன். தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறேன். "பேச்சிக்கனியோட ஜூன் மாசச் சீட்டு பொய். அவ வேணும்னே கம்மியாச் சொன்னா. அது எனக்கு அன்னைக்கே தெரியும். இன்னைக்கு மூணு வார்த்தைங்கிறது அவளுக்கு ரொம்பக் கொறச்சல். அவ எறங்கக் கூடாது."

டாக்டர் பேனாவை மூடி வைக்கிறார். அதிர்ச்சியை எதிர்பார்த்தேன், கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கும் பார்வை அவ்வளவு மென்மையாக இருப்பதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

"சொன்னீங்களே, மேடம்."

"எப்போ?"

"நான் வார்த்தை கேட்டு முடிச்ச கொஞ்ச நேரத்துல வந்து சொன்னீங்க. அப்புறம் தண்ணி குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவை சொன்னீங்க. இது மூணாவது." தாளை என் பக்கம் திருப்புகிறார். ஆட்டத்திலிருந்து விலக்கப்படுகிறார் என்று அவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே ஜெசிந்தா மோத்தா என்று என் கையொப்பம், நேரமும் குறித்து. போலியில்லை. மோத்தாவின் கடைசி எழுத்தை நான் இழுக்கும் இழுப்பு அதில் இருக்கிறது. மை காய்ந்துவிட்டிருக்கிறது.

"மைக் செட்டு வாங்கித் தரட்டா கோச்சம்மா?" பின்னாலிருந்து குரல் வருகிறது. பேச்சிக்கனி சுவரிலிருந்து திரும்பியிருக்கிறாள். ஜிப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள், முகம் வீங்கியிருக்கிறது, இடது புருவத்துக்கு மேல் பந்தின் தையல் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. "மேல கேலரில நாலு பேருக்கு இன்னும் கேக்கல. அவியளுக்கும் சொல்லிருங்க. என் வேலையத் தின்னாச்சு, ஒரு தடவ தின்னாப் பத்தாதா, எத்தன தடவதான் திம்பிய?"

கோச்சம்மா என்கிறாள். அவளேதான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வேறு எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை. நான் இத்தனை நேரம் எடை போட்டுக்கொண்டிருந்தபோது, போட்டு முடித்தவள் ஒருத்தி எழுந்து போய்ச் சொல்லியிருக்கிறாள், கையொப்பமிட்டிருக்கிறாள், தண்ணீர் குடித்திருக்கிறாள், நாற்காலிக்குத் திரும்பி எனக்கு இடம் விட்டிருக்கிறாள். விதி என்னவென்று எனக்குத் தெரியும். பிறருக்கு மட்டுமான விதியை நான் ஒருபோதும் வைத்துக்கொண்டதில்லை. அணிக்குப் பொறுப்பானவர் கழுத்தில் 'ஏ' என்று எழுதிய அட்டை தொங்க வேண்டும். நடுவரிடம் பேசுவதும் ஆட்டத்தை நிறுத்தக் கேட்பதும் அந்த அட்டைக்காரர்தான். நடந்த பத்து நிமிடத்தை நடந்ததென்று அறியாதவளின் கழுத்தில் அது இருக்கக் கூடாது. கழற்றுவதற்காகக் கையைத் தூக்குகிறேன். சட்டைக் கழுத்து, கழுத்தெலும்பு, சிறு சிலுவைச் சங்கிலி. அட்டை இல்லை.

கிளாடிஸ் இரண்டடி தள்ளி நிற்கிறாள். அட்டை அவள் மார்பில் தொங்குகிறது.

"நீங்கதான் கழட்டி மாட்டிவிட்டிய, அக்கா" என்கிறாள், குற்றம் செய்தவளைப்போல. "இதுக்கு மேல நான் நிக்கக் கூடாதுன்னு சொன்னிய."

"எப்படிச் சொன்னேன்?"

"எப்படின்னா?"

"எந்த மாதிரிக் குரல்ல?"

அவள் டாக்டரைப் பார்க்கிறாள், பிறகு தரையை. "ஒங்க கொரல்தான். சிரிச்சிக்கிட்டே சொன்னிய."

தங்கபுஷ்பம் கோலுக்குள் போய் நிற்கிறாள், இரண்டு கைகளையும் தேவைக்கு மேல் உயர்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நான் சொல்லிக் கொடுத்ததற்கெல்லாம் எதிராக. யாரும் அவளைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. நான்காவது வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார், மற்றவர் கையிலிருக்கும் பொட்டலத்தை முடித்துவிட்டு எழுந்திருப்பார். விசில் ஊதுகிறது. பேச்சிக்கனிக்கு அடுத்த நாற்காலியில் உட்காருகிறேன், அவள் நகர்ந்துகொள்ளவில்லை. என்னை உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியிருப்பார்கள்.